வானத்தின் முன், மேசையின் முன்



மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் குடியிருக்கும் நம் வாசகர்களுக்கு பிரெடெரிக்-பாக் பூங்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குவதும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் காலாற நடக்கக் கூட்டிப்போவதும் அங்கேதான். புல்வெளி எங்கும் ஏறத்தாழ 250 வெள்ளைக் கோளங்கள் நிற்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் வேற்றுக்கிரகத்தில் இறங்கிவிட்டதாகவே நினைப்பார்கள். அந்தக் கோளங்களுக்கு அடியில் கிடப்பது சுமார் 4 கோடி தொன் குப்பை. அது மக்கும்போது கிளம்பும் வாயுவை உறிஞ்சி எடுக்கும் கிணறுகளைத்தான் அவை மூடியிருக்கின்றன.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் இந்த மாதம் எழுதியிருக்கிறார். பதினைந்து வயது மகள் பள்ளிக்கூடத்தோடு கோளரங்கம் போய்வந்தாளாம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்டாளாம்: "அப்பா, இவ்வளவு பெரிய அண்டத்தில் நாங்கள் ஒரு தூசுகூட இல்லை. பிறகு எதற்கு எனக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு? எதற்குக் கோயில்? எதற்கு நீங்கள் இன்னமும் ஊரை நினைத்து அழுகிறீர்கள்?" தனக்குப் பதில் தெரியவில்லை, பத்திரிகை சொல்லட்டும் என்று முடித்திருக்கிறார். இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கிறேன்.

மகளே, உன் கணக்கில் பிழை இல்லை. நம் பால்வெளியில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள். அதன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒளி போய்ச்சேரவே ஒரு லட்சம் ஆண்டு வேண்டும். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில் பூமி ஒரு புள்ளி. யாழ்ப்பாணமும் மொன்றியலும் அந்தப் புள்ளிக்குள்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உன் காலடியைப் பார். பூங்காவாக மாறுவதற்கு முன் அந்த இடம் மிரோன் கற்குவாரி. அங்கே வெட்டிய சுண்ணக்கல் சுமார் 45 கோடி ஆண்டு பழையது. அப்போது இந்த நிலம் வெப்பமண்டலத்தில், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்குள் இருந்தது. பனிக்கு ஆறு மாதம் கதவடைத்துக் கிடக்கிற நம் ஊர்! அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் ஓட்டுயிர்களும் செத்து, படிந்து, இறுகித்தான் இந்தக் கல் ஆனது. உன் அப்பா பிறந்த யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலம்தான், இதைவிட வயதில் மிக இளையது. அதை வெட்டித்தான் 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறையில் சீமெந்து செய்தார்கள். குவாரியை நடத்திய மிரோன் சகோதரர்களும் இங்கே அதையேதான் செய்தார்கள். ஒரு சுண்ணக்கல்லிலிருந்து புறப்பட்டு இன்னொரு சுண்ணக்கல்லில் வந்து குடியேறியிருக்கிறோம். இந்தக் கல்லில் உள்ள கால்சியமும் உன் எலும்பில் உள்ளதும் விண்மீன்களுக்குள் உருவானவை. இதை உலகத்துக்கு எளிமையாகச் சொல்லித் தந்தவர்களில் ஒருவர் இதே மொன்றியலில் 1932இல் பிறந்த வானியற்பியலாளர் உபேர் ரீவ்ஸ்.

ஆகவே நாம் சிறியவர்கள். இதில் உன்னோடு எனக்கு வழக்கே இல்லை. ஆனால் சிறியவராவதில் இரண்டு வகை உண்டு. நீ கண்டது ஒன்று. உன் அப்பாவின் தலைமுறை கண்டது மற்றது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் 155 தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சுற்றிலும் அட்லாண்டிக், மேலே ஒன்றும் தெரியாத வானம். மனிதன் எத்தனை சிறியவன் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். உள்ளூர் மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். அந்த மீனவர்கள் முதலில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, கையைப் பிடித்துத் தூக்கினார்கள். கேள்விகள் கரையில் காத்திருந்தன. இவர்கள் உண்மையான அகதிகளா, சொல்வது பொய்யா என்று நாடே விவாதித்தது. அவர்களில் பலர் மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் வந்தார்கள்.

அவர்களுக்கு முன்னும் பின்னும் இங்கே வந்த நம்மவர் எல்லோருக்கும் அந்த அகதி விசாரணை மேசை தெரியும். எதிரே அதிகாரி, நடுவே மொழிபெயர்ப்பாளர், கையில் கோப்பு எண். வாழ்க்கை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நம்பும்படி சொல்ல வேண்டும். பிறகு ஷபனெல் தெருத் தையல் ஆலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாத வேலை. "நீ தூசு" என்று இவர்களுக்குக் கோளரங்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதர்களே சொன்னார்கள், தினமும் சொன்னார்கள்.

இரண்டும் ஒன்றல்ல, மகளே. மேசையின் முன் ஒருவர் சிறியவரானால் இன்னொருவர் பெரியவராகிறார். வானத்தின் முன் அதிகாரியும் விண்ணப்பதாரியும் ஒரே அளவு. அங்கே எவருக்கும் முன்வரிசை கிடையாது.

இதை வாழ்ந்து காட்டிய ஒரு தமிழர் இருக்கிறார். சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ளதானால் வெண்குறுமீனாக அடங்கி நிற்க முடியாது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோன கணக்கு அந்தப் பயணத்தில்தான் தொடங்கியது. 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகத்தில் அதை எடுத்துரைத்தபோது, அந்நாளின் பெரிய பெயரான எடிங்டன் எழுந்து அந்த முடிவையே அபத்தம் என்றார். சபை எடிங்டன் பக்கம் நின்றது. விண்மீன்கள் எவர் பக்கமும் சாயவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. 1983இல் நோபல் பரிசு வந்தது. பேசுகிறவன் காலனி நாட்டுப் பையன் என்பது அண்டத்துக்குப் பொருட்டே அல்ல. அதன் அலட்சியத்தில் இப்படியொரு நீதியும் இருக்கிறது. அதற்காக நான் அதை வணங்குகிறேன்.

மேசைக்கும் வானத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் செயின்ட்-மிஷேல் மக்களும் வேறொரு வழியில் அறிந்தவர்கள். பல ஆண்டுகள் குவாரி வெடிகளில் அவர்கள் வீடுகள் அதிர்ந்தன, தூசு உள்ளே வந்தது. 1968 முதல் அதே குழியில் குப்பை. நகரம் முழுவதும் வேண்டாம் என்று எறிந்ததை ஏழைகளும் புதிதாக வந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாங்கினார்கள். அண்டத்தில் நாமெல்லாம் தூசு, விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது கொடுமை. அவர்கள் விடவில்லை. கூடிப் பேசினார்கள், எதிர்த்தார்கள். 1984இல் மாநகராட்சி அந்த இடத்தை வாங்கியது. 1988இல் சீமெந்து ஆலையின் புகைபோக்கிகள் விழுந்தன. 2000இல் வீட்டுக் குப்பை கொட்டுவது நின்றது. 2017இல் பூங்காவின் முதல் பகுதிகள் திறந்தன. மரம் நட்ட ஒரு மனிதனின் கதையைப் படமாக்கி 1988இல் ஆஸ்கர் பெற்ற ஓவியர் பிரெடெரிக் பாக்கின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்.

வானத்தின் முன் நிற்பது வேறு. 2024 ஏப்ரல் 8 உனக்கும் நினைவிருக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன், இடத்துக்கு இடம் சில பத்து விநாடிகளிலிருந்து ஒன்றரை நிமிடம் வரை, மொன்றியலில் சூரியன் முழுதாக மறைந்தது. ஹெயிட்டிக்காரரும் அல்ஜீரியரும் இத்தாலியப் பாட்டிமாரும் நம்மவரும் ஒரே காகிதக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றோம். இருட்டியதும் எல்லோரிடமிருந்தும் ஒரே குரல் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் எவரும் எவரையும் எந்த நாடு என்று கேட்கவில்லை. அண்டத்தின் முன் சிறியவர்களாக நின்ற அந்த நேரத்தில் ஒருவரும் அவமானப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்டாய். விண்மீன்களுக்கு அது வேண்டாம். உன் அப்பா அழுவது உன்னிடம் சொல்லாத கதைகளுக்காக. அவற்றை அவர் தமிழில்தான் சொல்வார். விண்மீன் எண்ணிக்கையை எந்த மொழியிலும் படிக்கலாம், ஆனால் கையில் கோப்போடு அந்த மேசை முன் உட்கார்ந்திருந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டது என்பதை அவரிடமிருந்து மட்டும்தான் கேட்க முடியும். கேள். தயங்கினால் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேள்.

இந்தக் கடிதத்தை ஒட்டி அடுத்த இதழில் நான்கு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். படகில் வந்தவர்கள், விமானத்தில் வந்து காத்திருந்தவர்கள், குப்பைமேட்டுக் காலத்தில் செயின்ட்-மிஷேலில் குடியேறியவர்கள் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். கைப்பிரதியாக இருந்தாலும் நாங்களே தட்டச்சு செய்துகொள்வோம். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்