நிக்கோபாரில் வெட்டி ஹரியானாவில் நடும் காடு

நாட்டின் தென்கோடியான இந்திரா முனை அமைந்துள்ள தீவு கிரேட் நிக்கோபார். அங்கு சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரியம் ஆகியவற்றை அமைக்கச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை அழிப்பதற்கு ஒன்றிய அரசு 2022இல் ஒப்புதல் வழங்கியது. 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. இதற்கு ஈடாக மரம் நடுவதற்கு அரசு தேர்ந்தெடுத்த இடம், கடல் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹரியானா. மழை குறைந்த அம்மாநிலத்தில் நிக்கோபாரின் மழைக்காடு வளராது என்பதை அறியத் தாவரவியல் பட்டம் தேவையில்லை.

அரசு ஆவணங்களில் இதற்கு ‘ஈடுசெய் காடு வளர்ப்பு’ என்று பெயர். இத்தொடரைத் தமிழாக்குவது கடினமன்று. அதை நம்புவதுதான் கடினம். ஒரு பொருளுக்கு இன்னொன்று ஈடாக வேண்டுமெனில், இரண்டையும் அளக்க ஒரு பொது அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பணம். காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவோர் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ‘நிகர நிகழ்கால மதிப்பு’ செலுத்த வேண்டும் என்பது இன்றைய விதி. அத்தொகையை நிர்வகிக்க 2016இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காடு இருந்தால், அது தோப்பாயினும் தோட்டமாயினும் நாட்டின் வனப்பரப்புக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனவே காடு அழிந்தாலும் கணக்கில் காடு குறையாது. பயன்மதிப்பைப் பரிமாற்ற மதிப்பு விழுங்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இந்தக் கணக்கில் வராதவை பல. கலாத்தியா விரிகுடாவில் கரையேறி முட்டையிடும் பேராமைகளுக்கு ஹரியானாவில் கடற்கரை இல்லை. சில நூறு பேரே எஞ்சியுள்ள ஷோம்பென் மக்களுக்கு அக்காடே உணவு, மருந்து, உறைவிடம். 2004 ஆழிப்பேரலையில் தம் ஊர்களை இழந்த நிக்கோபாரி மக்கள், மூதாதையர் வாழ்ந்த நிலத்துக்குத் திரும்ப விரும்புகிறார்கள். அவர்களது பழங்குடி மன்றம், திட்டத்துக்கு முன்னர் அளித்த ஒப்புதலை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் பணி நிறுத்தப்படவில்லை.

உழைப்பும் இயற்கையும்

சுற்றுச்சூழல் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை. தொழிலாளருக்கு வேலையும் கூலியுமே முதன்மையானவை என்ற எண்ணம் நம் அணிகளிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மார்க்சிய மூலநூல்களில் இதற்கு ஆதரவு இல்லை. உழைப்பு மட்டுமே அனைத்துச் செல்வத்துக்கும் ஊற்று என்று கோத்தா வேலைத்திட்டம் கூறியபோது, இயற்கையும் அதே அளவுக்கு ஊற்றே என்று 1875இல் மார்க்ஸ் திருத்தினார். மூலதனம் முதல் தொகுதியில் அவர் உழைப்பை மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான ஒரு நிகழ்முறையாக விளக்குகிறார். அதற்கு அவர் ஆளும் ஜெர்மன் சொல்லுக்கு நம் அறிவியல் தமிழில் ‘வளர்சிதை மாற்றம்’ என்பது பொருள். வளர்வதும் சிதைவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தமிழ் வாசகருக்குக் கிடைத்த பேறு. மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்ப வேண்டும். முதலாளித்துவ வேளாண்மை அதைத் தானியமாகவும் நூலாகவும் நகரங்களுக்கு ஏற்றி, கழிவாக ஆறுகளில் கொட்டுகிறது. இந்த அறுபட்ட சுழற்சியை மார்க்ஸ் கண்டது, வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளைக் கற்றதன் வழியாக.

அதற்கும் முன்பே, 1842இல், ரைன் மாகாணத்தில் உதிர்ந்த சுள்ளி பொறுக்கிய ஏழைகளைத் திருடர் என்று சட்டம் சொன்னபோது இளம் மார்க்ஸ் அவர்கள் பக்கம் நின்று எழுதினார். அதே கதை இந்தியாவில் 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளின் வனச் சட்டங்களில் தொடர்ந்தது. ரயில் பாதைக்கு அடிக்கட்டை தேவைப்பட்ட ஆட்சி, காட்டைத் தன் சொத்தாக அறிவித்தது. அங்கேயே பிறந்து வாழ்ந்தவர் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆனார். நாடு விடுதலை பெற்ற பின்னும் அச்சொல் கோப்புகளிலிருந்து நீங்கவில்லை.

நியம்கிரி காட்டிய வழி

இந்த அநீதியை ‘வரலாற்று அநீதி’ என்று ஒப்புக்கொண்டது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஆதிவாசி இயக்கங்களும் இடதுசாரிகளும் நாடாளுமன்றத்துக்கு உள்ளும் வெளியும் போராடியதன் விளைவு அது. காட்டின் எதிர்காலம் குறித்துப் பேசும் அதிகாரத்தை அது கிராம சபைக்கு வழங்கியது. அந்த அதிகாரத்தின் வலிமையை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. பாக்சைட் சுரங்கம் குறித்து கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. டோங்ரியா கோந்த் மக்கள் வாழும் பகுதியில் கூடிய 12 கிராம சபைகளும் ஒரே குரலில் மறுத்தன. வேதாந்தா குழுமத்தின் ஆலைக்காகத் திட்டமிட்ட அச்சுரங்கம் நின்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை இந்தத் தோல்விக்கு மூலதனம் அளித்த பதில் என்றே காண வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகள், ஒன்றிய அரசு ஒப்புதல் தரும் முன்பே கிராம சபையின் இசைவு தேவை என்ற நிலையை மாற்றின. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த நீள்வழித் திட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ஆவணங்களில் காடு என்று பதிவாகாத நிலங்களையும் பாதுகாப்பு வளையத்திலிருந்து வெளியேற்ற முயன்றது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அகராதிப் பொருளில் காடாக உள்ளவை அனைத்தும் காடே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நினைவூட்ட வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தை மட்டுமே நம்பியிருக்கவும் இயலாது. நிராகரிக்கப்பட்ட வன உரிமைக் கோரிக்கையாளர்களை வெளியேற்ற 2019 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னரே அது இரு வாரங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வழக்கைத் தொடுத்தோரில் வனவிலங்கு ஆர்வலர்களும் இருந்தனர் என்பது நினைவில் நிற்க வேண்டும். மனிதர் வெளியேறினால்தான் காடு பிழைக்கும் என்போரும், காடு வெளியேறினால்தான் மனிதர் பிழைப்பர் என்போரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றலாம். மனிதரையும் காட்டையும் இரண்டாகப் பிரிப்பதில் இருவரும் ஒன்றே.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சுட்டவில்லை. உழைப்பை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது மனித இயல்பன்று, மூலதனத்தின் தேவை என்பதற்கு நம் கையிலேயே சான்று உண்டு என்பதற்காகவே சுட்டுகிறேன்.

ஆகவே நமது கடமை, மரம் நடும் விழாவில் கலந்துகொள்வதோடு முடியாது. வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் காரணத்தை எழுத்தில் பெற்றுத் தந்து மேல்முறையீடு செய்ய வைப்பதும், கிராம சபையைக் காகிதத்தில் கூட்டி முடிக்கும் அதிகாரிகளை அம்பலப்படுத்துவதும், சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் தொழிற்சங்கத் தோழர்களை ஆதிவாசி மக்களோடு ஒரே மேடையில் அமர்த்துவதும் கூலிப் போராட்டத்துக்கு இணையான வர்க்கப் பணிகள். ஈடு என்ற பெயரில் காட்டுக்கு விலை குறிப்பவர்களே உழைப்பாளிக்கும் விலை குறிக்கிறார்கள். இரு விலைப்பட்டியல்களையும் சேர்த்தே கிழித்தாக வேண்டும்.