எஸ்டிபி என்பது ஒரு பெயரா?

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமும் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) கணினியில் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை எழுதுகிறார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்குவது. "சார், நீங்கதான் லினக்ஸ் வச்சிருக்கீங்க, ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பினார். ஓட்டினேன். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று மூன்று பெயர், பக்கத்தில் அளவு. அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஏன் இல்லை என்றால், "டெர்மினல் பக்கம் வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியும் சார்" என்கிறார்.

தெரியாது, தம்பி. எனக்குத் தெரியாமல் போனதால்தான் சொல்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்குப் பதில் "இரண்டாவது பெஞ்சு, ஓரத்துப் பையன்" என்று எழுதினால் தலைமையாசிரியர் விடுவாரா? நாளைக்கு அங்கே வேறு பையன் உட்காருவான். எஸ்டிபியும் அப்படித்தான். லினக்ஸ் இரண்டாவதாகக் கண்டுகொண்ட வட்டுக்கு அந்த எழுத்து. கழற்றிச் செருகினால் மாறலாம், அணைத்துப் போட்டாலும் மாறலாம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் காலையில் லினக்ஸ் நிறுவுவதற்காக டிடி கட்டளையால் பென் டிரைவில் எழுதினேன். அப்போது அது எஸ்டிபி. சரியாக வரவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி கணினியைப் போட்டேன். இந்த முறை என் 1 டிபி வெளி வட்டும் செருகியிருந்தது. அது எஸ்டிபி ஆகிவிட்டது, பென் டிரைவ் எஸ்டிசி. நான் மேல் அம்புக்குறியை அழுத்திக் காலைக் கட்டளையையே ஓட்டினேன். டிடி 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது.

அந்த வட்டில்தான் உங்கள் வகுப்புக் குழுப் படங்கள் இருந்தன. ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் வருடத்தையும் உங்கள் பெயர்களையும் கோப்புப் பெயராகத் தட்டி வைத்திருந்தேன். மீட்பு மென்பொருள் பெரும்பாலான படங்களைக் கொண்டுவந்தது, பெயர்களை அல்ல. எல்லாம் வெறும் எண்கள். போன வருடம் "இது எந்த பேட்ச்?" என்று உங்களை நச்சரித்தது அதனால்தான்.

என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவிகளும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டன. எல்லோரும் பயன்படுத்தும் எல்எஸ்பிஎல்கேயைப் பாருங்கள். சும்மா ஓட்டினால் இரண்டாவது பத்தியிலேயே 8:0, 8:16 என்று கர்னலின் உள்கணக்கு எண்கள். யாருக்கு வேண்டும் அது? மாடல் பெயரைப் பார்க்கத் தனியாக விருப்பம் கொடுத்துக் கேட்க வேண்டும். 'ஆர்எம்' என்ற பத்தி கழற்றக்கூடியதா என்று சொல்லும் என்று நம்பினால், பென் டிரைவுக்கு 1 காட்டும், யுஎஸ்பியில் தொங்கும் வெளி வட்டுக்குப் பெரும்பாலும் 0 காட்டும். பெட்டியில் 1 டிபி என்று போட்ட வட்டு 931.5ஜி என்று வரும்; கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கருவி 1024 ஆக எண்ணுகிறது. பெருக்கல் வாய்ப்பாடு நடத்திய எனக்கே அது புரிய ஒரு வாரம்.

பத்திகளை மாற்றினால் இதைப் படிக்கும் மற்ற நிரல்கள் உடையும் என்பார்கள். நிரல்களுக்குத்தான் ஜேசான் வடிவம் இருக்கிறதே, அதைக் கொடுங்கள். திரையைப் பார்ப்பது மனுஷன்.

இத்தனைக்கும் கர்னலுக்கு மாடல் பெயர் தெரியும். வரிசை எண்ணோடு சேர்ந்த நிலையான பெயரும் 'பை-ஐடி' அடைவில் கிடக்கிறது. பள்ளியின் சேர்க்கை எண் மாதிரி, எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் அது மாறாது. உன் கருவி அந்தப் பெயரைக் காட்டி, நான் அதை டிடிக்குக் கொடுத்திருந்தால், மதியமும் அது பென் டிரைவுக்கே போயிருக்கும்.

ஆகவே தம்பி, முதலில் மாடல், அளவு, யுஎஸ்பியா இல்லையா, இப்போது எந்தக் கோப்புறையில் திறந்திருக்கிறது, அப்புறம் நிலையான பெயர். எஸ்டிபி கடைசி ஓரத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஒரே அளவுள்ள இரண்டு பென் டிரைவ் வாங்கி வைத்திருக்கிறேன். உன் கருவியை வைத்து எது எது என்று சொல், பார்க்கலாம்.