முகத்துக்கு ஓர் இலக்கம்

ஒருகொடவத்தைச் சந்தியில் கால்மணி நேரம் நின்றால் போதும், இந்த நாடு எதை உண்கிறது, எதை உடுக்கிறது என்பதெல்லாம் பெட்டிகளாகக் கண்முன்னே நகர்ந்து செல்லும். துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன்கள் சுங்கப் பரிசோதனை முற்றங்களுக்குள் நுழைவதும், சோதனை முடிந்து வெளியேறுவதுமாக அந்தச் சுற்றுவட்டாரம் ஓய்வதேயில்லை. அந்த முற்றங்களை நம்பி வாழ்பவர்களில் ஒருவர் என் நண்பர். சுங்க முகவர் நிறுவனமொன்றில் முப்பது வருடங்களாக வேலை. பொருளின் பெயரைச் சொன்னால் அதன் தீர்வைக் குறியீட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்.

அவருக்கு இடது கண்ணின் கீழிமை துடிக்கத் தொடங்கியது. இடது கண் துடித்தால் ஆண்பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் நேர்த்தி வைத்தார்கள். துடிப்பு நிற்கவில்லை. சில மாதங்களில் கன்னத்துக்கு இறங்கி, வாயின் ஓரத்தையும் இழுக்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும். தூக்கத்திலும் விடவில்லை. எதிரே இருப்பவர் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக்கொள்ளும் சங்கடம் வேறு. ஆவணங்களைப் படித்தே பிழைக்கும் மனிதருக்கு இது சிறிய நோயல்ல.

நரம்பியல் நிபுணர் ஒரே பார்வையில் நோயைச் சொல்லிவிட்டார். அரைமுகத் துடிப்பு. மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளிப்படும் இடத்தில் இரத்தக்குழாயொன்று அதன்மீது அழுத்துவதே பெரும்பாலான நோயாளரில் இதற்குக் காரணம். சத்திரசிகிச்சை மூலம் அந்த அழுத்தத்தை நீக்கலாம். அதற்குத் துணியாதவர்களுக்கு இருக்கும் வழி, துடிக்கும் தசைகளில் பொட்டுலினம் நச்சை மிகச் சிறு அளவில் ஊசியாக ஏற்றுவது. அதன் பலன் சுமார் மூன்று மாதங்களுக்கு நிற்கும். பிறகு மறுபடியும் ஏற்ற வேண்டும்.

நண்பர் தனியார் வைத்தியசாலையொன்றில் ஊசி ஏற்றிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் முகம் அடங்கியது. அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அவர் கையில் கிடைத்த பற்றுச்சீட்டில் வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே 'பொடொக்ஸ் ஊசி - 1' என்று ஒரே வரி, அதற்கெதிரே ஒரு பெருந்தொகை. அவ்வளவுதான். அவர் நிறுவனத்தின் கூட்டுக் காப்புறுதிக்கு அதை அனுப்பினார். அழகுபடுத்தும் சிகிச்சைகளுக்குக் காப்புறுதி இல்லை என்று பதில் வந்தது.

அன்று மாலை அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, ஒரு பெட்டி பிளாஸ்டிக் செருப்பு வந்தாலும் அதுக்கு ஒரு இலக்கம் இல்லாம கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. என்ட முகத்துக்கு ஒரு இலக்கம் போட ஆளில்லையா?"

ஆளில்லை என்பதுதான் உண்மை. ஆனால் இலக்கம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில், 1990இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில், அரைமுகத் துடிப்பின் இலக்கம் ஜீ 51.3. இரு கண்ணிமைகளும் இறுக மூடிக்கொள்ளும் இமை இழுப்பு நோய்க்கு ஜீ 24.5. சுங்கத்தில் உலகப் பொதுவான ஆறிலக்கக் குறியீடு எப்படியோ, நோய்க்கு இவை அப்படி. பற்றுச்சீட்டில் இந்த ஓர் இலக்கம் இருந்திருந்தால், காப்புறுதி அலுவலகத்தில் கோப்பைப் பார்த்த எழுதுவினைஞருக்கு 'பொடொக்ஸ்' என்ற சொல்லைக் கண்டதும் திரைப்பட நடிகையின் நெற்றி நினைவுக்கு வந்திருக்காது.

அந்த எழுதுவினைஞரை மட்டும் குறைசொல்வதும் நியாயமல்ல. அந்த மருந்தின் வரலாற்றை விளம்பரங்கள் தலைகீழாக்கிவிட்டன. சான் பிரான்சிஸ்கோவில் அலன் ஸ்கொட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணைச் சீராக்கவே இந்த நச்சை முதலில் மருந்தாக்க முயன்றார். 1989 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி வழங்கியது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்குமே. முக நரம்புக் கோளாறினால் வரும் இமை இழுப்பும் அந்த அனுமதியில் அடங்கும். புருவங்களுக்கிடையிலான சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல்தான். நோயாளரின் கண்ணைத் திறக்க வந்த மருந்து அது. பன்னிரண்டு வருடங்கள் கழித்தே அழகு நிலையத்தின் படியேறியது.

அமெரிக்காவில் இதே ஊசிக்கு எழுதப்படும் பற்றுச்சீட்டைப் பாருங்கள். நோய்க்கு ஓர் இலக்கம். 2018 ஒக்டோபரிலிருந்து அங்கே வலப்பக்கத் துடிப்புக்கு ஜீ 51.31, இடப்பக்கத்துக்கு ஜீ 51.32 என்று பிரித்தே எழுத வேண்டும். முக நரம்பின் தசைகளில் ஒரு பக்கம் ஊசி ஏற்றிய வேலைக்கு 64612. மருந்துக்கு ஜே 0585. அதுவும் குப்பிக் கணக்கில் அல்ல, அலகுக் கணக்கில். குப்பியில் மீந்து வீசப்பட்ட அலகுகளைத் தனி வரியில் ஜே டபிள்யூ என்ற குறியுடன் காட்ட வேண்டும். எதுவும் வீணாகவில்லை என்றால் அதையும் ஜே இசட் என்ற குறியால் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் மெடிகெயார் திட்டத்தின் விதி. இந்த இலக்கங்களைப் பொருத்தித் தருவதே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களின் அன்றாட வேலை. அமெரிக்க நோயாளியின் முகத்துக்கு நம் பிள்ளைகள் இலக்கம் போடுகிறார்கள். ஒருகொடவத்தை நோயாளியின் முகத்துக்கு 'ஊசி - 1'.

அலகுக் கணக்கு ஏன் முக்கியம்? இந்த மருந்து 50, 100, 200 அலகுக் குப்பிகளில் வருகிறது. கண்ணைச் சுற்றி ஓரிடத்தில் முதலில் ஏற்றுவது 1.25 முதல் 2.5 அலகு வரைதான். ஒரு பக்க முகத்துக்குப் பெரும்பாலும் 100 அலகுக் குப்பி முழுவதும் தேவைப்படாது. கரைத்த மருந்தை 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு குப்பி ஒரு நோயாளிக்கே என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். அப்படியானால் என் நண்பர் எதற்குப் பணம் கொடுத்தார்? ஏற்றிய அலகுகளுக்கா, முழுக் குப்பிக்கா? முழுக் குப்பிக்கென்றால் மீதி எங்கே போனது? யாரையும் குற்றஞ்சாட்டி நான் இதைக் கேட்கவில்லை. ஒரு வரிப் பற்றுச்சீட்டு நேர்மையான வைத்தியசாலையையும் மற்றதையும் ஒரே முகத்தோடு காட்டும் என்பதே என் கவலை.

இலக்கம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இதே மருந்தின் கதையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. 2010 செப்டெம்பரில், பொடொக்ஸின் தயாரிப்பாளரான அலர்கன் நிறுவனம், அனுமதிக்கப்படாத பயன்பாடுகளுக்கு மருந்தை ஊக்குவித்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிவில் கோரிக்கைகளுக்கான தொகையும் சேர்த்து 60 கோடி டொலர் செலுத்த இணங்கியது. அரசாங்கத்தின் சிவில் குற்றச்சாட்டுகளில் ஒன்று, பணம் கிடைக்கும் வகையில் பிழையான குறியீடுகளை எழுத வைத்தியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது. ஆக, இலக்கமும் பொய் சொல்லும். சுங்கத்தில் குறைந்த தீர்வையுள்ள குறியீட்டின் கீழ் பொருளை மறைப்பவர்களை என் நண்பர் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறார். ஆனாலும் அங்கே பொய் பிடிபடுவதற்குக் காரணம், எழுதிய இலக்கத்தையும் பெட்டிக்குள் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதே. எதுவுமே எழுதாத இடத்தில் எதைப் பிடிப்பது?

நம் நாட்டுக்கு இது புதிய வித்தையுமல்ல. அரசாங்க வைத்தியசாலை விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெறுபவரின் நோய், சர்வதேசப் பகுப்பின்படி இலக்கமிடப்பட்டு மத்திய புள்ளிவிபரத்துக்குப் போகிறது. காலையில் ஊசி ஏற்றிக்கொண்டு மதியம் வீடு திரும்பும் நோயாளி அந்தக் கணக்கில் வருவதில்லை. தனியார் வைத்தியசாலைகளுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் பேரவையும் இருக்கின்றன. காப்புறுதிக்கு ஓர் ஆணைக்குழு இருக்கிறது. இவை இரண்டும் கூடி ஐந்து வரிகளைக் கட்டாயமாக்கினால் போதும்: நோயின் இலக்கம், எந்தப் பக்கம், செய்த வேலை, ஏற்றிய அலகு, வீசிய அலகு. அமெரிக்கரைப் போல இலக்கக் காட்டுக்குள் நாம் புக வேண்டியதில்லை. கோரிக்கையை நிராகரிக்கும் காப்புறுதி நிறுவனமும் எந்த இலக்கத்தை, எந்த விதியின்கீழ் நிராகரித்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு யோசனை. இந்த ஊசி உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ தேவைப்பட்டால், ஏற்றுவதற்கு முன்பே நோயின் இலக்கத்தையும் அலகுகளையும் எழுதிய கடிதமொன்றை வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும் என்று தெரியாததே நமது குறை.

நண்பர் அப்படியொரு கடிதத்தைப் பின்னர் வாங்கி மேன்முறையீடு செய்தார். பணம் கிடைத்தது. ஆனால் அது கிடைத்த வாரத்தில் அவருடைய இமை மறுபடியும் துடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்து வேலை செய்த மூன்று மாதங்களையும் காப்புறுதி யோசித்தே கழித்துவிட்டது. அடுத்த ஊசிக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தன் கையெழுத்தில், சுங்கப் பத்திரம் நிரப்பும் அதே அச்சடித்தாற்போன்ற எழுத்தில், ஜீ 51.3 என்று எழுதியிருந்தார்.