மகன் கேட்கும் டயர்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நமது காலத்துத் தேர்களுக்கு அச்சாணியோடு டயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சேலைக்காக நாலு கடை ஏறி இறங்கும் நாம், டயர் என்றதும், "அது ஆம்பிளைகளின் விசயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானாட்டானிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு நாம் போவது அந்த டயரின் மேல்தான். சீட்டுக் காசை எடுத்தோ, சில வேளை காப்பை அடகு வைத்தோ, அந்த டயருக்குப் பணம் கொடுப்பதும் நாமேதான். ஆகவே, இந்த மாதம் டயரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

"உம்மா, ரேஸ் டயர் போட்டா வண்டி ரோட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். வீட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு" என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். கைப்பேசியில் பார்த்த காட்சிகள் அவனுடைய மனதில் இருக்கும். அவன் சொல்வது முழுப் பொய்யல்ல. பாதி உண்மை. அந்த மற்றப் பாதியை உம்மா தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அவன் கேட்பது 'டிராக் ரேடியல்' என்ற வகை கார் டயர். டிராக் பந்தயம் என்பது நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீற்றர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற போட்டி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் இப்படிப்பட்ட போட்டிகள் நடந்துள்ளன. இந்த டயரின் ரப்பர் மிகவும் மென்மையானது. தண்ணீர் ஓடும் வெட்டுகள் அதில் மிகக் குறைவு. ஓடுவதற்கு முன்னர் சில்லை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை கிளம்பச் சூடாக்குகிறார்கள். சூடானால்தான் ரப்பர் பசைபோலப் பிடிக்கும். பெரிய பந்தயங்களில் தரையிலும் பசைத் திரவம் தெளித்து வைக்கிறார்கள். சூடான டயர், உலர்ந்த தரை, வளைவில்லாத பாதை, சில விநாடி ஓட்டம். அந்த டயர் பிறந்தது இதற்காகத்தான்.

"வீதியில் ஓட்டவும் அனுமதி உண்டு என்று டயரிலேயே போட்டிருக்கிறதே?" என்பான். அமெரிக்காவில் அப்படி அனுமதி பெற்றவை உண்டு. ஆனால் ஓட்டலாம் என்பதற்கும், ஓட்ட ஏற்றது என்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது, சகோதரிகளே!

நமது வீதியை நினைத்துப் பாருங்கள். மாதக் கணக்காக வெயில் காய்ந்து, தூசியும் எண்ணெய்க் கசிவும் தாரில் படிந்திருக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அது வழுக்கும் சேறாகிவிடும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களிலிருந்து உழவு இயந்திரம் ஏறி வரும்போது சேற்றையும் வீதிக்குக் கொண்டுவரும். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். கடற்கரைப் பக்கம் போனால் காற்று மணலை அள்ளிப் போடும். இரவில் மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். இத்தனைக்கும் நடுவே, மழை நேரத்தில் முருங்கன் பக்கமிருந்து வரும் கார் ஒன்று திடீரென்று பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வெட்டுகளின் வேலை, அந்த உள்ளங்கைக்குக் கீழே உள்ள தண்ணீரை வெளியே தள்ளுவது. வெட்டுகள் போதாவிட்டால் தண்ணீர் வெளியேறாது. சில்லு நிலத்தை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. பின்சில்லுக்கு மட்டும் இந்த டயரைப் போட்டால் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும். முன்சில்லுக்குப் போட்டால் திருப்பிய பக்கம் கார் திரும்பாது. மார்கழிக் காலையின் ஈரத்திலும் குளிரிலும் அந்த மென்மையான ரப்பர் சூடாவதுமில்லை. காய்ந்த நாளிலோ மணலையும் சிறு கல்லையும் ஒட்டிக்கொண்டு வேகமாகத் தேயும். ஒரு தரம் வாங்கும் காசில் இரண்டு தரம் வாங்க நேரிடும்.

'ரேடியல்' என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். டயருக்குள் இருக்கும் நூல்கள் குறுக்காக ஓடும் அமைப்புக்குத்தான் அந்தப் பெயர். 1946ஆம் ஆண்டு பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது. இன்று கார்களில் ஓடுவது பெரும்பாலும் ரேடியல்தான். முன்னால் 'டிராக்' என்று ஒட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் வெட்டில்லாத மென்மையான பந்தய டயர்கள் உண்டு. அவற்றுக்கும் இதே கதைதான்.

இனி கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

1. அளவு. டயரின் பக்கத்தில் 90/90-12 என்று இருந்தால், அகலம் 90 மில்லிமீற்றர், உயரம் அந்த அகலத்தின் 90 வீதம், சில்லின் விட்டம் 12 அங்குலம். வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவையே கேளுங்கள். அழகுக்காக அகலமான டயரை ஒடுங்கிய சில்லில் ஏற்றினால் டயரின் உருவம் கெட்டு, வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும்.

2. வயது. டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். "புதுசு" என்று சொல்லிப் பழையதைத் தருகிறார்களா என்று நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

3. தேயும் எண். பல கார் டயர்களில் 'ட்ரெட்வெயர்' என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று பொருள். குடும்பக் கார்களின் டயர்களில் 300, 400 என்று காணலாம். டிராக் ரேடியலில் 100, சிலவற்றில் பூச்சியமே இருக்கும். மகனுக்குக் காட்ட இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

4. வெட்டின் ஆழம். வெட்டுகளுக்குள் சிறு மேடுகள் இருக்கும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். மழை தொடங்கும் முன் புரட்டாதியிலேயே ஒருமுறை குனிந்து பாருங்கள்.

5. காற்று. வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் அளக்க வேண்டும். பின்னால் ஆளேற்றினால் எவ்வளவு காற்று என்பது வண்டிப் புத்தகத்தில் தனியாக இருக்கும். குறைந்த காற்றில் ஓடினால் நல்ல டயரும் சூடேறிக் கெடும்.

மகனின் ஆசையை முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். இளமையில் வேகத்தில் ஆசை வருவது இயற்கை. உண்மையிலேயே பந்தயத்தில் விருப்பமென்றால் அதற்கென்று ஓடுதளம் உண்டு. வேறு சில்லுகளில் பந்தய டயரை ஏற்றி வைத்திருந்து, அங்கே போய் மாட்டி, ஓடி முடிந்ததும் கழற்றி வைக்கட்டும். பந்தயக்காரர் பலர் செய்வதும் அதுதான். ஏற்பாடு செய்த இடத்திலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகியதில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். பாதுகாப்பு ஆட்களும் அம்புலன்சும் நிற்கும் இடத்திலேயே இப்படியென்றால், மதவாச்சி-தலைமன்னார் வீதியின் நீண்ட நேர்ப்பாதை எப்படிப் பந்தயத் திடலாகும்? அங்கே எதிரே சைக்கிளில் வருவது பள்ளிக்கூடம் விட்டு வரும் யாரோ ஓர் உம்மாவின் பிள்ளை.

ஆகவே, அடுத்த முறை டயர் வாங்கக் காசு கேட்டால் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "மகன், இது மழையில் எப்படி நிக்கும்?" அதற்கு அவனிடமும் கடைக்காரரிடமும் நேரான பதில் கிடைக்கும் வரை, சீட்டுக் காசு உங்கள் முந்தானையிலேயே இருக்கட்டும்.