பார்க்கின்சன் நோயும் மூளைச் சத்திரசிகிச்சையும்: ‘ஆரம்பம்’ என்பது எது?

1983 இற்குப் பின்னர் இருபது, இருபத்தைந்து வயதில் பாரிஸ், பேர்லின், சூரிச், இலண்டன், ரொறன்ரோ என்று வந்து இறங்கிய எமது தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இந்த வயதை ஒட்டித்தான். ஒரு கை நடுங்கும், நடை தளரும், கையெழுத்துச் சிறுத்துப் போகும். ‘வயது போனால் வருவதுதானே’ என்று நாம் அதை விட்டுவிடுகிறோம். அல்லது கோயிலிலும் கலியாண வீட்டிலும் நாலுபேர் கண்டுவிடக் கூடாது என்று கையைச் சால்வைக்குள் மறைக்கிறோம். இந்த இரண்டு பழக்கங்களும் ஒரு நல்ல சிகிச்சைக்கான காலத்தைக் கைநழுவச் செய்யக்கூடும்.

அந்தச் சிகிச்சைதான் ஆழ்மூளைத் தூண்டல். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் இந்நோய் உண்டாகிறது. லெவோடோபா குளிசை அந்தக் குறையை நிரப்புகிறது. முதல் சில ஆண்டுகள் அது நன்றாகவே வேலை செய்யும். பின்னர் அடுத்த வேளைக் குளிசைக்கு முன்னரே பலன் தீர்ந்து உடல் விறைக்கும். பலன் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உடல் தன்பாட்டில் நெளியும். இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்காக மூளைக்குள் இரண்டு மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, தோலுக்கு அடியால் கம்பி கொண்டுவந்து, நெஞ்சின் மேற்பகுதியில் பதிக்கப்பட்ட சிறு கருவியுடன் இணைக்கிறார்கள். பிரான்சின் கிறெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட், பியர் பொலாக் ஆகிய வைத்தியர்கள் 1987 இல் தொடக்கிவைத்த முறை இது.

நீண்டகாலமாக இது கடைசி வழியாகவே கருதப்பட்டது. அமெரிக்கா 2002 இல் அனுமதி வழங்கியபோதும் முற்றிய பார்க்கின்சன் நோய்க்கே வழங்கியது. பத்து, பதினைந்து ஆண்டுகள் நோயுடன் போராடி, வேலையையும் நடமாட்டத்தையும் இழந்த பின்னரே பலர் சத்திரசிகிச்சை மேசைக்குப் போனார்கள்.

இந்தப் பார்வையை மாற்றியது 2013 இல் வெளிவந்த ‘ஏர்லிஸ்டிம்’ ஆய்வு. எமது மக்கள் பெருமளவில் வாழும் பிரான்சிலும் ஜேர்மனியிலும்தான் அது நடந்தது. பங்கெடுத்த 251 பேரின் சராசரி வயது 52. நோய் தொடங்கிச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுகளின் முடிவில், மருந்துடன் தூண்டலும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் 26 வீதம் மேம்பட்டிருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் இருக்கவில்லை. 2016 இல் அமெரிக்கா தனது அனுமதியை விரிவாக்கியது. நோய் வந்து குறைந்தது நான்கு ஆண்டுகளாகி, குளிசையின் ஏற்ற இறக்கம் அண்மையில் தொடங்கியவர்களும் அதற்குள் வந்தார்கள்.

ஆகவே இங்கே ‘ஆரம்பம்’ என்பது நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாள் அல்ல. குளிசையின் பலன் தடுமாறத் தொடங்கும் கட்டத்தின் ஆரம்பமே அது. பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு சில நோய்களுக்கு இந்தச் சிகிச்சை பயன்தராது. அவற்றைப் பிரித்தறியச் சில ஆண்டுகள் தேவைப்படும். அதற்கும் முன்னரே சத்திரசிகிச்சை செய்தால் என்ன என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 30 பேரிடம் ஆராய்ந்தது. 2020 இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகள் நம்பிக்கை தருகின்றன என்றாலும் 30 பேரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விதி வகுக்க முடியாது. மருந்தால் நோய் போதுமான கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையை வழங்க வேண்டாம் என்றே பிரித்தானியாவின் 2017 வழிகாட்டல் கூறுகிறது.

ஏர்லிஸ்டிம் ஆய்வையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளருக்குத் தெரிந்தே இருந்தது; எதிர்பார்ப்பே ஒரு பகுதி பலனைத் தந்திருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. தூண்டல் பெற்ற பிரிவில் இருவரும் மற்றப் பிரிவில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். போரின் காயங்களை மனதில் சுமந்து வந்த எமது மக்களுக்கு மனநலப் பரிசோதனை வெறும் சடங்காக இருக்கக் கூடாது. மூளையில் இரத்தக்கசிவும் கிருமித் தொற்றும் சிலருக்கு ஏற்படுகின்றன. நோயை இந்தச் சிகிச்சை மாற்றுவதில்லை. அது முன்னேறுவதை நிறுத்துவதாக நிரூபிக்கப்படவும் இல்லை. ஞாபக சக்திக்கும் உடற் சமநிலைக்கும் பெரிதாக உதவாது. பேச்சு மேலும் குழறவும் கூடும்.

அந்த ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதும் முக்கியம். அதற்கு மேற்பட்ட வயதிலும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் எழுபதை நெருங்க நெருங்க வைத்தியர்களின் தயக்கம் கூடும். ஞாபக மறதி முற்றினால் கதவு அநேகமாக மூடிவிடும். அறுபது வயதில் நோயை ஐந்து ஆண்டுகள் மறைப்பவர் இழப்பது அந்தக் காலத்தைத்தான்.

மொழியும் எமக்கொரு தடை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஞாபகத்தையும் சிந்தனையையும் அளக்கும் சோதனைகள் நடக்கும். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் கற்ற பிரெஞ்சையோ டொச்சையோ வைத்துக்கொண்டு அந்தச் சோதனைக்குப் போகும் ஒருவர், மறதி இல்லாமலே குறைந்த புள்ளி பெறலாம். சில வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சையின்போது நோயாளர் விழித்திருந்து வைத்தியருடன் பேசவும் வேண்டியிருக்கும். பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்க வேண்டும். மகளோ மகனோ அந்த இடத்தில் இருந்தால், அப்பா தன் பயத்தையும் மனச்சோர்வையும் சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

பின்னாளில் ஊரோடு போய் இருக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கருவியின் மின்னளவை மாதக்கணக்கில் திருத்தித் திருத்தியே சரியான நிலைக்குக் கொண்டுவருவார்கள். பற்றறியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மீள்மின்னேற்றும் வகை கூடுதலாக உழைக்கும். போகும் இடத்தில் இதை யார் பார்ப்பார்கள் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்டு வைக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எத்தனை மணிக்குக் குளிசை எடுத்தார், எப்போது பலன் விட்டது, எப்போது உடல் நெளிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். நாளுக்கு ஐந்து வேளை லெவோடோபா, இரண்டு மணிநேரம் பலனற்ற நிலை, ஒரு மணிநேரம் தொல்லை தரும் நெளிவு என்பவற்றில் ஒன்றை எட்டினாலும் மேலதிக சிகிச்சை பற்றி ஆராய வேண்டும் என்பது நிபுணர்கள் கைக்கொள்ளும் ஓர் அளவுகோல். கொப்பியை நரம்பியல் வைத்தியரிடம் காட்டி, ‘ஆழ்மூளைத் தூண்டலுக்குப் பரிசீலிக்கும் கட்டத்தில் இருக்கிறாரா?’ என்று கேட்போம். ‘இல்லை’ என்று பதில் வந்தால், அடுத்து எப்போது கேட்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வோம். செய்வதா விடுவதா என்ற இறுதி முடிவு நோயைச் சுமப்பவருடையது. அவர் சொல்லை அவருடைய மொழியில் கேட்ட பின்னரே பிள்ளைகள் கையெழுத்துப் பற்றிப் பேச வேண்டும்.