நடுவில் நிறுத்தப்பட்ட பெண்

1992ஆம் ஆண்டு. அமெரிக்காவில் 'ஸ்டார் சர்ச்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டி. லூசியானா மாநிலத்தின் கென்ட்வுட் என்னும் சிற்றூரிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வயதுக்கு மீறிய குரல்வளத்தோடு பாடி முடிக்கிறாள். முதியவரான நிகழ்ச்சித் தொகுப்பாளர் அவளருகே வருகிறார். அவளுடைய கண்கள் மிக அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, உனக்குக் காதலன் இருக்கிறானா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள் அவள். அப்படியானால் நான் எப்படி என்கிறார் அவர். அரங்கம் சிரிக்கிறது.

அந்தச் சிறுமிதான் பிரிட்னி ஸ்பியர்ஸ். அந்த முதியவர் தீய எண்ணத்தோடு கேட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. வேடிக்கைக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பெண் குழந்தை பாடி முடித்ததும், அவளுடைய குரலைவிட அவளுடைய கண்களும், அவள் யாருக்கு உரியவள் என்பதும் பேச்சாகிவிட்டதே, அதுதான் நம் கவலை. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்தவற்றின் விதை அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

விற்கப்பட்டது எது?

1998ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்னியின் முதல் பாடல் வெளிவந்தது. பள்ளிச் சீருடையில், வயிறு தெரிய முடிச்சிட்ட சட்டையோடு அவர் ஆடும் காட்சிப்படம் உலகம் முழுவதும் ஓடியது. படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 16. 1999 ஜனவரியில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பு 2 கோடிக்கும் அதிகமாக விற்பனையானது. அதே ஆண்டு ஏப்ரலில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், படுக்கையில் உள்ளாடையோடு, கையில் குழந்தைகளின் பொம்மையோடு அவரை அட்டையில் அச்சிட்டது. அப்போது வயது 17. ஒரு பக்கம் குழந்தை, மறு பக்கம் காமப்பொருள். இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்து விற்றார்கள். அதன் பிறகு பேட்டி எடுக்க வந்தவர்கள் அந்த இளம்பெண்ணிடம் அவருடைய கன்னிமையைப் பற்றியும், மார்பகங்களைப் பற்றியும் கூச்சமின்றிக் கேட்டார்கள். இசையைப் பற்றிய கேள்விகள் பின்னுக்குப் போயின.

இங்கே ஒரு மறுப்பு எழும். பள்ளிக்கூடக் காட்சி பிரிட்னியே சொன்ன யோசனைதானே, அவரே விரும்பித்தானே ஆடினார் என்று கேட்பார்கள். உண்மைதான். இயக்குநர் முதலில் வேறு கதையை வைத்திருந்தார் என்பதும், பள்ளியில் எடுக்கலாம் என்று சொன்னது பிரிட்னிதான் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். ஆனால் 16 வயதுப் பெண்ணுக்கு எது கைதட்டல் பெறும், எது பெறாது என்பதைக் கற்றுக்கொடுத்தது யார்? அந்த யோசனையைக் கேட்டுத் தலையாட்டி, படமெடுத்து, பணமாக்கியவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள் அல்லவா? பிள்ளை ஆசைப்பட்டது என்பதற்காகக் கையில் கத்தியைக் கொடுப்போமா?

அமெரிக்க உளவியல் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவுபடுத்துகிறது. ஒருவருடைய மதிப்பெல்லாம் அவருடைய பாலியல் கவர்ச்சியில்தான் இருக்கிறது என்று ஆக்குவது. அழகு என்றாலே கவர்ச்சிதான் என்று அளவிடுவது. ஒருவரைத் தானே சிந்தித்து முடிவெடுக்கும் மனிதராகப் பார்க்காமல் பிறர் பயன்படுத்தும் பொருளாக்குவது. பாலியலை ஒருவர் மீது தகாத முறையில் திணிப்பது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அது பாலியல் பொருளாக்கம் என்கிறது அவ்வறிக்கை. உடை எத்தனை அங்குலம் என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் ஆய்வுக் குழு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2012 முதல் 2017 வரை வெளிவந்த பிரபலமான பாடல்களில் பாடிய கலைஞர்களுள் ஏறக்குறைய 22 விழுக்காட்டினர் பெண்கள். பாடல் தயாரிப்பாளர்களுள் பெண்கள் வெறும் 2 விழுக்காடு. மேடையில் நிற்பது பெண். ஒலிப்பதிவுக் கூடத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் ஆண்.

ஆண் எங்கே?

யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண் ஒருவரை இயேசுவிடம் இழுத்து வந்து நடுவில் நிறுத்துகிறார்கள். அவளோடு இருந்த ஆணை யாரும் கொண்டுவரவில்லை. அவன் பேச்சே அங்கு எழவில்லை. இந்தக் காட்சி பழைய எருசலேமோடு முடிந்துவிடவில்லை.

2004 பிப்ரவரி 1 அன்று ஹூஸ்டன் நகரில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக், ஜேனட் ஜாக்சனின் மேலாடையின் ஒரு பகுதியை இழுத்தார். மார்பு ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் தெரிந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. ஒளிபரப்பிய நிறுவனத்திற்கு 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, பிறகு நீதிமன்றத்தால் அது நீக்கப்பட்டது. ஆனால் ஜேனட்டின் மீது விழுந்த தண்டனையை நீக்க எந்த நீதிமன்றமும் இல்லை. ஒரு வாரம் கழித்து நடந்த கிராமி விழாவில் டிம்பர்லேக் மேடையேறி மன்னிப்புக் கேட்டார். இரண்டு விருதுகளும் பெற்றார். ஜேனட் அந்த மேடையில் இல்லை. 2018இல் அதே போட்டியின் இடைவேளை நிகழ்ச்சிக்கு டிம்பர்லேக் மீண்டும் அழைக்கப்பட்டார். ஜேனட்டிடமும் பிரிட்னியிடமும் அவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில்தான். இழுத்த கை மறக்கப்பட்டது. இழுக்கப்பட்ட உடல் மட்டும் நினைவில் நின்றது.

பிரிட்னிக்கும் அதுவே நடந்தது. அவரைப் பொருளாக்கிய அதே ஊடகங்கள், 2007இல் மனம் உடைந்து அவர் தன் தலையை மழித்துக்கொண்டபோது அதையும் படமெடுத்து விற்றன. 2008இல் நீதிமன்றம் அவரைத் தந்தையின் பாதுகாவலின்கீழ் வைத்தது. தன் பணத்தையும் வாழ்வையும் கவனிக்க இயலாதவர் என்று சொல்லப்பட்ட அதே பெண், அந்த ஆண்டுகளில் இசைத்தொகுப்புகள் வெளியிட்டார். 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸ் நகரில் ஏறக்குறைய 250 மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார். உழைப்பதற்குத் தகுதி உண்டு, முடிவெடுப்பதற்குத் தகுதி இல்லை! 2021 ஜூன் 23 அன்று அவர் நீதிமன்றத்தில் பேசியபோது, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பியும், தன் உடலில் வைக்கப்பட்ட கருத்தடைச் சாதனத்தை அகற்றத் தன்னை விடவில்லை என்று கூறினார். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்றுதான் அந்தப் பாதுகாவல் முடிவுக்கு வந்தது. 13 ஆண்டுகள்! சிறுமியாக இருந்தபோது தொடங்கிய அந்தக் கேள்வி, நீ யாருக்கு உரியவள் என்ற கேள்வி, அவருக்கு 39 வயதாகும்வரை அவரை விடவில்லை.

நம்மையும் கேட்போம்

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1995இல் பெண்களுக்கு எழுதிய மடலில், பாலுணர்வைத் திட்டமிட்டு வணிகமாக்கி, இளஞ்சிறுமிகளையும்கூடத் தங்கள் உடலை இலாபத்திற்குப் பயன்படுத்த விடச்செய்யும் கலாச்சாரத்தைக் கண்டித்தார். பிரிட்னியின் முதல் பாடல் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட சொற்கள் அவை. அதே மடலில், பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளில் திரு அவையின் மக்களுக்கும் பங்கிருந்தால் அதற்காக வருந்துவதாகவும் அவர் சொன்னார். முதல் பகுதியை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறோம்.

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரை நினைத்துப் பார்ப்போம். 1980களில் அவரைக் குட்டைப் பாவாடை அணியவும் கூந்தல் வளர்க்கவும் இசை நிறுவனத்தார் சொன்னபோது, அவர் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். தன் குரலை மட்டுமே விற்பேன் என்று சொல்லாமல் சொன்னார். இதைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் நாம். ஆனால் 1992 அக்டோபரில், திரு அவையில் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு உள்ளாவதை எதிர்த்து, நேரலை நிகழ்ச்சியில் அவர் திருத்தந்தையின் படத்தைக் கிழித்தார். அந்தச் செயல் நம்மில் பலரைப் புண்படுத்தியது, இன்றும் புண்படுத்தலாம். ஆயினும் அவர் எதைச் சொல்ல வந்தாரோ அது பொய்யல்ல. 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அயர்லாந்து கத்தோலிக்கருக்கு எழுதிய மடலில் பாதிக்கப்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். ஷினேட் 2023 ஜூலையில் இறந்தார்.

அவரே 2013இல், இளம் பாடகி மைலி சைரசுக்குத் தாய்மை உணர்வோடு ஒரு திறந்த மடல் எழுதினார். இந்தத் தொழில் உன்னைப் பற்றிக் கவலைப்படாது, உன் உடலை வைத்துச் சம்பாதித்துவிட்டு, எல்லாம் உன் விருப்பம்தான் என்று உன்னையே நம்ப வைத்துவிடும் என்பது அதன் சாரம். ஒரு மறையுரையில் கேட்டிருக்க வேண்டிய செய்தியை, நாம் ஒதுக்கி வைத்த ஒரு பெண் சொன்னார்.

உடையை மாற்றினால் போதுமா?

இந்தக் காலத்துப் பாடகி பில்லி ஐலிஷ், தன் உடலைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதற்காகவே தொளதொளப்பான உடைகளை அணிந்ததாக 2019இல் சொன்னார். என்ன நடந்தது? 2020இல் கையில்லாத சட்டையில் சாலையில் நடந்தபோது எடுத்த ஒரு படத்தை வைத்து அவருடைய உடலைக் கேலி செய்தார்கள். 2021இல் ஓர் இதழின் அட்டையில் இறுக்கமான உடையில் தோன்றியபோது, கொள்கையை விற்றுவிட்டார் என்றார்கள். மூடினாலும் பேச்சு, திறந்தாலும் பேச்சு.

2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட டெய்லர் ஸ்விஃப்டின் ஆபாசப் போலிப் படங்கள் சமூக வலைதளத்தில் பரவின. அவற்றுள் ஒரு பதிவு மட்டும் 4 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது. அந்தப் பெண் எந்த உடை அணிந்தார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உடை அவருடையது அல்ல, உடலும் அவருடையது அல்ல. பார்க்கும் ஆசை ஒன்றே உண்மை. அதே கருவி பள்ளி மாணவிகள் மீதும் பயன்படுத்தப்படுகிறது. 2025 மே மாதம் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம், இத்தகைய படங்களைப் புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் வலைதளங்கள் நீக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் 4 கோடி முறை பார்த்த கண்களை எந்தச் சட்டம் கழுவும்?

ஆகவே நம் மகள்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை. ஒழுங்காக உடுத்து என்று மகளுக்குச் சொல்லும் நாம், ஒழுங்காகப் பார் என்று மகனுக்குச் சொல்கிறோமா? அவன் கைப்பேசியில் ஓடும் காட்சிப்படத்தைக் குறித்து அவனோடு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? நம் பள்ளிகளின் ஆண்டு விழாவில் ஏழு வயதுச் சிறுமிகளைப் பெரியவர்களின் அசைவுகளோடு ஆடவைத்துவிட்டு, முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர்களுள் நாமும் உண்டு அல்லவா? நன்றாகப் பாடிய, நன்றாகப் பேசிய ஒரு சிறுமியிடம் நாம் முதலில் சொல்வது எது? எவ்வளவு நன்றாகப் பாடினாய் என்பதா, எவ்வளவு அழகாக இருக்கிறாய் என்பதா?

நடுவில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணை இயேசு உற்றுப் பார்க்கவில்லை. குனிந்து தரையில் எழுதினார். எல்லாரும் அவளையே வெறித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தம் பார்வையைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்து, அவளைக் குற்றம் சாட்டியவர்களைத் தங்களையே பார்க்கச் செய்தார். அவர்கள் போன பின்பு, அவளோடு ஒரு மனிதரோடு பேசுவதுபோல் பேசினார்.

அடுத்த முறை ஓர் இளம் பாடகியின் படத்தைக் காட்டி யாராவது பழித்துப் பேசும்போது, அல்லது இரசித்துப் பேசும்போது, இதை நினைவில் கொள்வோம். அவள் யாரோ ஒருவருடைய மகள். அவளுக்கு ஒரு குரல் இருக்கிறது. முதலில் அதைக் கேட்போம்.