பூனை மூளையில் இப்ப எத்தனை மணி?

2009 நவம்பரில் ஐபிஎம் ஒரு செய்தி விட்டது. பூனையின் மூளைப் புறணி அளவுக்கு ஒரு சிமுலேஷன் ஓட்டிவிட்டார்களாம். 160 கோடி நரம்புக்கலம், கிட்டத்தட்ட 9 இலட்சம் கோடி இணைப்பு, 147,456 புரொசஸர். தர்மேந்திர மோதாவின் குழுவுக்கு கோர்டன் பெல் பரிசும் கிடைத்தது. உடனே சுவிஸில் இருந்து ஹென்றி மார்க்ரம் பாய்ந்தார்: உங்கட கலங்கள் வெறும் புள்ளிகள், இது பூனைக்குக் கிட்டவும் வராது எண்டு.

சண்டை நல்ல சண்டைதான். ஆனால் எனக்கு அதைவிட உறுத்துகிற கேள்வி வேறு. எத்தனை கலம் என்பதை விடுங்கோ, ஒரு கலம் எப்போது துடித்தது என்று எவ்வளவு சரியாகக் கணித்தீர்கள்?

கணினிக்கு நேரம் ஓடுவதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. ஒரு படி 1 மில்லிசெக்கன், கவனமானவர்களுக்கு 0.1. இரண்டு படிக்கு நடுவில் கலம் துடித்தால் அது படியின் முடிவில் துடித்ததாகப் பதிவாகும். மன்னார் ரெயினும் யாழ்ப்பாண ரெயினும் மதவாச்சிக்கு வந்த நேரத்தை மணிக்கணக்கில் மட்டும் எழுதினால் என்ன ஆகும்? இரண்டும் "10 மணி". மாறி ஏறினீங்களா, தவறவிட்டீங்களா? கொப்பியில் பதில் இல்லை.

மூளையில் இந்த முந்தல் பிந்தல்தான் படிப்பு. பியும் பூவும் 1998இல் காட்டினார்கள்: முதற்கலம் முந்தித் துடித்து, அடுத்தது சுமார் 20 மில்லிசெக்கனுக்குள் துடித்தால் இணைப்பு பலப்படும், வரிசை மாறினால் பலவீனப்படும். இரண்டும் ஒரே படியில் விழுந்தால்? கற்றதா மறந்ததா என்பதை அப்போது தீர்மானிப்பது மூளை இல்லை, கோட் எழுதினவர் எந்த வரியை மேலே வைத்தார் என்பதுதான்.

"மூளையே இரைச்சல், இந்தச் சின்னப் பிழை அதுக்குள்ள கரைஞ்சிடும்" என்பார்கள். கரையாது. இரைச்சல் எல்லாப் பக்கமும் தள்ளும். படியோ எல்லாத் துடிப்பையும் பின்னால் தள்ளி ஒரே கோட்டில் நிறுத்தும், இல்லாத ஒத்திசைவை உண்டாக்கும். வலிப்பு நோயில் பிரச்சினையே அளவு மீறிய ஒத்திசைவுதான். அதை ஆராயும் சிமுலேஷனில் ஒத்திசைவு நோயிலிருந்து வந்ததா, கடிகாரத்திலிருந்து வந்ததா எண்டு தெரியாட்டி என்னத்துக்கு அது? 1998இலேயே ஹான்சலும் கூட்டாளிகளும் எச்சரித்தார்கள்: வழக்கமான முறைகளில் ஒத்திசைவைச் சரியாகப் பிடிக்க மிகமிகச் சிறிய படி வேண்டும். திருத்தமும் சொன்னார்கள். துடித்த கணத்தை இரண்டு படிக்கு நடுவில் மதிப்பிட்டு எழுதுங்கள், அவ்வளவுதான். பெரிய செலவு இல்லை.

மெய்யான கலங்கள் ஒண்டும் அசட்டையாக இல்லை. மேய்னனும் செய்னோவ்ஸ்கியும் 1995இல் ஏறியிறங்கும் ஒரே மின்னோட்டத்தை எலியின் கலத்துக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, துடிப்புகள் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தன. கூகை இன்னும் மோசம்: இரண்டு காதுக்கும் சத்தம் வந்துசேரும் சில பத்து மைக்ரோசெக்கன் வித்தியாசத்தை வைத்தே இருட்டில் எலி பிடிக்கும். 0.1 மில்லிசெக்கன் படியில் அந்தக் கூகை பட்டினிதான்.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு எண்டு கேட்கிறார்கள். எங்கட தொழிலே எது முந்தி நடந்தது என்று கேட்பதுதானே. தோட்டவெளியில் 1544ஐ எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் முந்தி, சங்கிலியனின் படை பிந்தி. இரண்டையும் "16ஆம் நூற்றாண்டு" என்று ஒரே பெட்டிக்குள் போட்டால் காரணம் எது, விளைவு எது?

நியாயமாகச் சொன்னால், ஒரு செக்கனில் சராசரி எத்தனை துடிப்பு என்று மட்டும் கேட்பவருக்கு இந்தக் கவலை பெரிதில்லை. ஆனால் இசிகேவிச் 2006இல் 1000 கலங்களை 1 மில்லிசெக்கன் படியில் ஓட்டி, துடிப்புகளின் நேர ஒழுங்கிலேயே குழுக்களை எண்ணினார். 2018இல் இன்னொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தது. கணிப்பு முறையின் சின்ன விவரங்களை மாற்றினாலே முடிவு மாறியது.

ஆகவே நான் கேட்பது ஒரு வரிதான். படியைப் பாதியாக்கித் திரும்ப ஓட்டினோம், முடிவு மாறவில்லை என்று எழுதுங்கோ. அந்த வரி இல்லாத கட்டுரையில் நான் பூனைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.